கொடியின் உறையைக் கழற்றிய நாள்

அண்ணாச்சி,

இன்று காலை கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு மந்திரியின் கார் காலியாகப் போயிற்று. முன்னால் கொடிக்கு உறை மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வெளிநாட்டில் நம் தூதரகத்தில் தூதரின் காரை ஓட்டியவர் நீங்கள். விசா பிரிவில் கிளார்க் நான். கொடி விஷயத்தில் உங்கள் பிடிவாதம் கொஞ்சமா! தூதர் ஏறினால்தான் உறையைக் கழற்றுவீர்கள். அவர் இறங்கியதும் மாட்டிவிடுவீர்கள். அதுதான் விதி. "கொடிக்குக் குளிரும்னு ஸ்வெட்டரா?" என்று கேலி செய்வேன். நீங்கள் சிரிக்கவே மாட்டீர்கள்.

அந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்து தெருவெல்லாம் துப்பாக்கியானபோது, நம்மை அழைத்துவரக் கடற்படைக் கப்பல் வந்தது. எல்லோரும் துறைமுகம் போய்விட்டார்கள். நானும் என் ஐந்து வயது மகளும் மட்டும் ஊரின் மறுகோடியில் வீட்டில் மாட்டிக்கொண்டோம். இருட்டுவதற்குள் கப்பல் புறப்பட்டுவிடும். தூதரிடம் அனுமதி கேட்டு, அவர் காரை எடுத்துக்கொண்டு நீங்கள்தான் வந்தீர்கள்.

திரும்பும் வழியில் துப்பாக்கிக்காரர்கள் மறித்திருந்தார்கள். கொடி பறக்கும் கார்களை மட்டும் விட்டார்கள். மற்றவை எல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன. நீங்கள் இறங்கி உறையைக் கழற்றினீர்கள்.

"அண்ணாச்சி, சார் வண்டியில இல்லியே!"

"இன்னைக்கு பாப்பாதான் அம்பாசடர். நீ சும்மா இரி, தங்கச்சி."

எங்களை விட்டுவிட்டார்கள்.

துறைமுகத்தில் நீங்களே தூதரின் முன் போய், "கொடியைத் திறந்துட்டேன் சார்" என்றீர்கள். அவர் உங்கள் தோளைத் தட்டினார். ஆனால் பார்த்தவர்கள் பலர். விஷயம் மேலே போயிற்று. விதி விதிதான் என்றார்கள். அதன்பின் உங்களை வெளிநாட்டுக்கு அனுப்பவே இல்லை. அந்த வேலையை நம்பிக் கட்டத் தொடங்கிய உங்கள் கரமனை வீடு பாதியில் நின்றது.

ஒருமுறை உங்களைப் பார்க்க வந்தபோது, பூசாத அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலதிகாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீங்கள் உள்ளே பார்த்து டீ போடச் சொல்லிவிட்டு, "அது போட்டும். பாப்பா எந்தக் கிளாஸுல படிக்கா?" என்றீர்கள்.

கப்பல் அனுப்பிய அரசாங்கத்துக்கு எப்போதும் என் நன்றி உண்டு, அண்ணாச்சி. ஆனால் அந்தக் கப்பல்வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள்.

இப்போது இங்கே அரசு அலுவலகத்தில் என் மேஜைக்கு முன்னால், எல்லா இடத்திலும் விதியைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வந்து நிற்கிறார்கள். முதலில் உட்காரச் சொல்கிறேன். வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன். விதியைப் பிறகுதான் பார்க்கிறேன்.