தண்ணி காட்டிய கொக்கி

அன்புள்ள தங்கைக்கு,

உன் வீட்டுக்காரர் நம் பட்டறைக் கிரேனின் கொக்கியைக் கெடுத்துவிட்டார். நான் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த நேரம் பார்த்து, பாதிப் பங்குக்காரனான என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தார். நீ பிரசவம் பார்க்கப் போயிருக்கும் மகளும் பச்சைக் குழந்தையும் நலமா என்பதைப் பிறகு கேட்கிறேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே அழுவாய். அதனால்தான் தாளில் எழுதி, அதைப் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். முழுதும் படி.

பாரம் தூக்கித் தூக்கிக் கொக்கியின் வாய் விரிந்திருந்தது. தூர எறிய வேண்டிய கொக்கி. இவர் அதை அடித்து வளைத்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி மாட்டிவிட்டார். பட்டறையில் இதைத் தண்ணி காட்டுவது என்போம். இரும்புக்கும் காட்டினார், எனக்கும் காட்டினார். "அரம்கூட ஏறல மச்சான், அவ்வளவு கெட்டி" என்று பெருமை வேறு.

அந்தச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. தேயாததும் கெட்டி, வளையாததும் கெட்டி, உடையாததும் கெட்டி என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்து வைத்திருக்கிறோம். இரும்புக்கு நம் பேச்சு தெரியாது. தண்ணி காட்டிய பிறகு மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதம் இறக்காவிட்டால் அது வளையாது, கண்ணாடி மாதிரித் தெறிக்கும். முன்பு வாயை விரித்து, தன்னால் முடியவில்லை என்று சொன்னது. இனி எதையும் சொல்லாது. என் பயமெல்லாம் அதுதான்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில், கொக்கி தாழ்ந்திருந்தபோது, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசினேன். வளைவின் உட்பக்கம் மயிரிழை போல ஈரக்கோடு எழும்பியது. விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய்தான் அப்படிக் கசியும். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டைவிரலால் துடைத்துவிட்டு, "அழுக்கு மச்சான். கட்டு அவிழ்த்ததுலேர்ந்து உங்க கண்ணுக்கு எல்லாமே கோடாத்தான் தெரியுது" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். கழற்றப் போனேன். ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு, நான் கரண்டை நிறுத்திவிடாதபடி மெயின் சுவிட்ச் பெட்டிக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பட்டறை வாசலிலேயே கிடக்கிறேன். சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே ஓடிப் பார்க்கிறேன். கிரேனில் தொங்கும் இரும்பு அச்சு இறங்கும்போது கீழே நின்று கையால் தள்ளிச் சரிசெய்கிறவர் அவர்தான். அந்த இடத்துக்கு ஆட்களை அனுப்பமாட்டார். அந்த நல்ல குணம் அவரிடம் உண்டு, இல்லையென்று நான் என்றும் சொன்னதில்லை.

இனி ஆக வேண்டியது. நீ இதைப் படித்த கையோடு அவருக்குப் போன் போட வேண்டும். என் பேச்சை எடுக்காதே, எடுத்தால் வீம்புக்காகவே கழற்றமாட்டார். கெட்ட கனவு என்று சொல், எதையாவது சொல். மகள் தன் குழந்தையை அவருக்குப் போனில் காட்டி, எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் இன்றே கொக்கியைக் கழற்றி, வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி கேஸ் கட்டர் வைத்து இரண்டாக வெட்ட வேண்டும். புதுக் கொக்கி வாங்கி வருவது என் பொறுப்பு. அது வரும்வரை அவர் வீட்டில் இருக்கட்டும். என்னோடு பேச வேண்டியதில்லை. இருந்தால் போதும்.

உன் அண்ணன்