பேரம்பலம் நீங்கினோர் குறித்து அரசர்க்கு விடுத்த ஓலை

திரு நிலைபெறுக. கருநொச்சி நாடு முழுதுடைய கோமான், பகைவர் மதிலையும் பசித்தோர் வயிற்றையும் ஒருங்கே அறிந்த இகல்வேள் பெருங்கோவின் திருமுன்பு, அமைச்சர் நெடுஞ்சேந்தனார் வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகரில் மழையும் அறமும் பொய்யாது விளங்குக. அமைச்சர் சொல்லச் சொல்ல எழுதுபவன் ஓலைக்காரன் மாடலன் காரி. தம் வீட்டுத் துயரைத் தம் வாயால் சொல்ல நா எழவில்லை என்று அவர் கூறியதால், அவரைப் பிறர்போல் வைத்தே எழுதுகிறேன்; பொறுத்தருள்க.

பேரம்பலத்தை விட்டு வெளியேறி, ஏரிக்கரையில் தாமே சிறு மன்றம் அமைத்துக்கொண்டவர்களை முழுநிலவுக்குள் அழைத்து வருமாறும், மறுத்தால் மன்றத்தை இடிக்குமாறும் ஆணை வந்தது. அமைச்சர் அதைச் சிரமேற்கொண்டு புறப்பட்டார். நெசவாளர் சிலரின் வீம்பு இது என்றே வழியெல்லாம் சொல்லிவந்தார். அவர் மகள் நங்கையும் அவர்களோடு இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நாட்டார் அனைவரும் ஒரே கூரையின்கீழ்ப் பேசவும் கேட்கவும் பெருமான் கட்டுவித்த கூடம் பேரம்பலம். அதன் பெருமையை மறுப்பாரில்லை. ஆனால் அம்பலத்து அதிகாரிகள், எவர் பேச்சுக்குக் கூட்டம் சேர்கிறதோ அவர் பக்கமே முரசறையச் செய்தனர். முரசு கேட்டு இன்னும் கூட்டம் சேர்ந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அங்கே வசைவாய் உள்ள பிள்ளையே பிழைத்தது.

சென்ற கார்காலத்தில், எல்லைக் காவலில் கணவன் மாண்ட செய்தியை, நாட்டு வழக்கப்படி நங்கை அந்த அம்பலத்தில் எழுந்து நின்று சொன்னாள். அருகே இரு வணிகர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தனர்; முரசு அவர்களுக்கே முழங்கியது. அதே கூரையின்கீழ் அமர்ந்திருந்த தந்தைக்கு மகள் குரல் எட்டவில்லை. பக்கத்தில் நின்ற நெசவுக்காரி ஒருத்திதான் அவளைத் தாங்கி வீடு சேர்த்தாள்.

ஏரிக்கரை மன்றமும் சொர்க்கம் அன்று. கூரை ஒழுகுகிறது. முரசு இல்லை, பெருக்குவதும் விளக்கேற்றுவதும் வாயில் காப்பதும் முறைவைத்து அவர்களே. அமைச்சர் சென்ற அன்று, இழிசொல் பேசிய சாயக்காரன் ஒருவனை வெளியேற்றினார்கள். வெளியேற்றியவர்களே அன்று சோறு உண்ணவில்லை. நங்கையின் தோழியர் எல்லாரும் பேரம்பலத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களை நினைத்து அவள் மெலிந்திருந்தாள்.

அதைக் கண்ட அமைச்சர், எல்லாரும் அங்கேதானே இருக்கிறோம், திரும்பி வா என்று கெஞ்சினார்.

"எல்லாரும் அங்கேதான் இருந்தீர்கள் அப்பா. நான் அழுதது இவர்களுக்குத்தான் கேட்டது" என்றாள் அவள்.

ஆளுக்கொரு மன்றமாகப் பிரிந்துவிட்டால், பகை வரும் நாளில் நாட்டை ஒருங்கே அழைப்பது யார் என்ற அச்சம் அமைச்சரை இன்னும் விடவில்லை. ஆயினும் அந்தக் கூரையில் கை வைக்க அவரால் ஆகவில்லை.

ஆதலால் இடிக்கும் ஆணை முத்திரை பெறாமலே திரும்புகிறது. முத்திரை மோதிரமும் அதனுடன் வருகிறது. அமைச்சர் மன்றத்தாரிடம் தமக்கும் இடம் கேட்டார். எங்களைப்போல் முறைவைத்து வேலை செய்தால் இடம் உண்டு என்றார்கள். பெருமான் படை விடுப்பதாயின், முழுநிலவன்று வாயில்காவல் நெடுஞ்சேந்தனாருடையது என்பதைப் படைத்தலைவர்க்கு முன்னரே அறிவித்தருள்க.

சொல் அவருடையது. எழுத்து மாடலன் காரியுடையது.