மட்கார்டில் இடமில்லாத டிராக்டர்

அன்புள்ள மகனே,

நம் ஒன்றரை ஏக்கருக்கு உத்திரமேரூரில் ஒரு சின்ன டிராக்டர் பார்த்து முடித்துவிட்டேன். விற்பவர் குதிரைத்திறன், டீசல் செலவு என்று விளக்கினார். நான் கேட்டது ஒன்றுதான்.

"மட்கார்டு மேல ஆளு குந்த முடியுமா?"

"முடியாதும்மா, ஓட்றவரு மட்டுந்தான்."

"அப்ப இதையே குடுப்பா."

மூன்று வருடத்துக்கு முன்பு வாடகை டிராக்டரை நீ ஓட்டியபோது, உன் நைனா தானாகத்தான் மட்கார்டில் ஏறினார். "எறங்கு நைனா, வுழுந்துடப் போற" என்று நீ கத்தியது என் காதில் விழுந்தது. அவர் விழுந்து இறந்த அன்று, ஊரார் முன்னால் உன்னைக் கொலைகாரன் என்றேன். நீ கத்தியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுதான் உன் பெரியப்பாவிடம் சொன்னேன்.

வண்டி ஓட்ட நானே பழகிக்கொள்கிறேன். நீ அதைத் தொட வேண்டாம். வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்னைப் பெற்றவள்