சிசிலி பயந்து சாகவில்லை

அனுப்புநர்:
ம. பாஸ்கல் (வயது 36),
இலை உருட்டும் பிரிவுத் தொழிலாளி, பதிவு எண் 214,
மூன்றாம் லயம், ஐந்தாம் வீடு,
கீழ்மந்து டிவிஷன், வெள்ளக்கல் எஸ்டேட்,
மறையூர் வழி, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட கலெக்டர் அவர்கள்,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: 11-7-1979 அன்று இறந்த என் மனைவி சிசிலியின் (வயது 29) மரணக் காரணம் ‘பயம்’ எனப் பதிவாகியிருப்பதைத் திருத்தக் கோருவது, அன்று எஸ்டேட் ஆஸ்பத்திரி பூட்டியிருந்ததையும் ஜீப் மறுக்கப்பட்டதையும் விசாரிக்கக் கோருவது.

பார்வை: 1. நாளிதழ்ச் செய்தி, 14-7-1979. 2. விசாரணை அறிக்கை, 24-7-1979.

பெருமதிப்புக்குரிய கலெக்டர் ஐயா அவர்களின் மேலான கவனத்திற்கு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

1. நான் மேற்படி எஸ்டேட்டில் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்பு வரை தமிழ் படித்திருக்கிறேன். உடுமலைப்பேட்டை பஸ்ஸில் வரும் நாளிதழை மாலையில் வீரபாண்டி என்பவரின் டீக்கடையில் உரக்க வாசிப்பது என் வழக்கம். படிக்கத் தெரியாதவர்கள் இருபது முப்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். வாசித்து முடித்ததும் விவாதம் நடக்கும். அதிலும் நான் பேசுவேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் நடந்தவற்றில் என் பங்கும் உள்ளது.

2. கடந்த ஜூன் மாதத்திலிருந்து ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளிக் கூடம் பூமியில் விழப்போகும் செய்தி தினமும் வந்தது. எடை எழுபத்தேழு டன் என்றும், எங்கே விழும் என்று விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை என்றும் போட்டிருந்தார்கள். நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு, பூமியில் முக்கால் பங்கு கடல், ஆகவே பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். முதலில் சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. பின்னால் சொன்னது யாருக்கும் நினைவில்லை.

3. என் மனைவியின் அண்ணன் கபிரியேல் எங்கள் சிற்றாலயத்தின் உபதேசியார். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் அவர்தான் ஜெபம் நடத்துவார். அவர் கடையில் என்னிடம், “மாப்பிள்ள, இது மனுசன் ஆகாசத்துல கட்டுன கோபுரம். ஆண்டவரு விட்டு வைப்பாரா?” என்றார். கடைக்காரர் வீரபாண்டி, “அமெரிக்காக்காரன் சாமான் நம்ம தலையில ஏன்யா விழணும்? மொதல்ல அதக் கேளுங்க” என்றார். இப்படி மூன்று வாரம் பேசினோம். சத்தம் போட்டோமே தவிர யாரும் யாரையும் அடிக்கவில்லை.

4. என் மனைவி சிசிலி கொழுந்து எடுக்கும் தொழிலாளி. அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. 10-ஆம் தேதி மாலை கபிரியேல் எங்கள் வீட்டுக்கு வந்து, மறுநாள் முழுவதும் கோயிலில் ஜெபம் இருக்கிறது, பிள்ளைகளோடு வந்துவிடு என்று அழைத்தார். அவள், “மேல இருந்து விழுறது விழட்டும் அண்ணே. இந்தக் கூரை ஒழுகுது, அதுக்கு ஒரு ஜெபம் வைங்க” என்றாள். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இதற்குச் சாட்சி பக்கத்து வீட்டு மூக்கம்மாள்.

5. 11-ஆம் தேதி புதன்கிழமை காலை, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லை. சிலர் கோயிலுக்கும், சிலர் சொந்த ஊருக்கும் போய்விட்டார்கள். நான் தொழிற்சாலையில் இருந்தேன். பதினொரு மணிக்கு மூக்கம்மாள் ஓடி வந்து, சிசிலிக்கு ரத்தம் போகிறது என்று சொன்னாள். நான் நேராக எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூட்டியிருந்தது. கம்பவுண்டர் முந்தின நாளே குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டதாகத் ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் சொன்னார். மாற்று ஆள் யாரும் இல்லை.

6. அங்கிருந்து ஆபீசுக்குப் போனேன். ஜீப் வாசலில் நின்றது, டிரைவரும் உள்ளே இருந்தார். ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மேனேஜர் உத்தரவு. வண்டி இன்னைக்கு எமர்ஜென்சிக்கு நிக்குது.” இது எமர்ஜென்சி இல்லையா சார் என்று கேட்டேன். “அது விழுந்தா பங்களாவுல உள்ளவங்கள எடுக்கணும்ல” என்றார். நான் மறுபடி கேட்டேன். அவர் மேனேஜருக்குப் போன் செய்தார். பேசிவிட்டு இல்லை என்று தலையசைத்தார். நான் அவரிடம் வாக்குவாதம் செய்யவில்லை. டீக்கடையில் அத்தனை நாள் பேசிய எனக்கு அங்கே ஒரு வார்த்தையும் வரவில்லை.

7. கோயிலிலிருந்து கபிரியேல் வந்தார். வீரபாண்டி கடையை அடைத்துவிட்டு வந்தார். கொதிகலன் தொழிலாளி காளிச்சாமியும் வந்தார். மூங்கிலில் கம்பளியைத் தொட்டில் போலக் கட்டி நாங்கள் நான்கு பேரும் மாறி மாறித் தூக்கினோம். மூக்கம்மாள் கூடவே நடந்து வந்தாள். அரசு ஆஸ்பத்திரி பதினொரு கிலோமீட்டர். மழை பெய்தது. வழியில் ஒரு வண்டியும் வரவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் சிசிலி என்னைக் கூப்பிட்டு, “பிள்ளைகளுக்குச் சோறு அடுப்பு மேலதான் இருக்கு. யாரையாச்சும் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க” என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. பயந்துபோனவர் பேசும் பேச்சு இதுவல்ல என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆறாவது கிலோமீட்டர் பாலத்தருகில் மூக்கம்மாள், “இறக்குங்கய்யா” என்றாள். இறக்கினோம். மணி மூன்றரை இருக்கும். வயிற்றில் இருந்த குழந்தையும் போய்விட்டது.

8. அன்று ஸ்கைலாப் எங்கோ கடலிலும், மிச்சம் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. யாருக்கும் காயமில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள்.

9. 14-ஆம் தேதி மாலை நான் டீக்கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கால் போனது. பஸ்ஸில் வந்த பேப்பரை வழக்கம்போல் என் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஆறாம் பக்கத்தில் நான்கு வரி இருந்தது: ‘ஸ்கைலாப் பீதி: மலைத் தோட்டத்தில் கர்ப்பிணிப் பெண் அதிர்ச்சியில் மரணம்.’ அதையும் வாசித்தேன். பாதியில் நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் கீழே இருந்த ஏலக்காய் விலையையும் வாசித்து முடித்தேன். அன்று யாரும் விவாதிக்கவில்லை. செய்தியை யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நிருபர் யாரும் எங்கள் லயத்துக்கு வரவில்லை.

10. அதற்குப் பிறகு விவாதம் வெளியில் தொடங்கியது. டவுனிலிருந்து ஓர் ஆசிரியர் பூமி உருண்டையும் விளக்கும் கொண்டுவந்து பகலில் அறிவியல் கூட்டம் நடத்தினார். அறியாமை ஒரு பெண்ணைக் கொன்றதாகச் சொன்னார். அவர் சொன்ன அறிவியலில் பிழை இல்லை. யூனியன் கூட்டத்தில், வல்லரசுகளின் ஆணவத்துக்கு நம் தோழி பலி என்று பேசினார்கள். ஞாயிறு ஜெபத்தில் கபிரியேல், பயத்தில் சாகும் ஆன்மாக்களுக்காக மன்றாடுவோம் என்று சொல்லி அவள் பெயரைச் சொன்னார். மூன்றிலும் நான் தரையில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டில் கை தட்டினார்கள். ஒன்றில் ஆமென் சொன்னார்கள். பூட்டிய கதவைப் பற்றி மூன்றிலும் யாரும் பேசவில்லை. பிறகு நான் கபிரியேலிடம் போய், நீங்களும் சேர்ந்துதானே தூக்கினீர்கள் என்று கேட்டேன். அவர், “பேப்பர்ல வந்ததத்தான் சொன்னேன் மாப்பிள்ள. நீருதான வாசிச்சீரு” என்றார். நான் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் காலை அவரே வீட்டுக்கு வந்து, எங்கே முறையிட்டாலும் சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

11. 24-ஆம் தேதி விசாரணைக்கு ஓர் அலுவலர் வந்தார். மேனேஜர் பங்களாவில் வைத்து விசாரித்தார். அவர் மலையாளத்தில், “பேடி உண்டாயிருந்நோ?” என்று கேட்டார். பயம் இருந்ததா என்பது அதன் பொருள். “எல்லாருக்கும் பயந்தான் சார்” என்றேன். லயத்து ஜனங்களைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் எழுதினார், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். ஆஸ்பத்திரியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. மலையாளம் படித்த காளிச்சாமி நகலை வாசித்துக் காட்டிய பிறகுதான், என் மனைவி பயத்தினால் இறந்ததாக நானே வாக்குமூலம் கொடுத்திருப்பது தெரிந்தது. அதை வைத்தே மரணப் பதிவேட்டிலும் எழுதிவிட்டார்கள்.

12. எனக்கு இப்போது யார் மீதும் கோபம் வருவதில்லை. இதை இந்த மனுவின் குறையாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். பெண் பிள்ளைகள் இருவரும் மூக்கம்மாள் வீட்டில் சாப்பிடுகிறார்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில், உங்கம்மா எதைப் பார்த்துப் பயந்தாள் என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். அவள் என்னிடம் வந்து கேட்டாள். இந்த மனுவை நான் எழுத உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஆகவே, என் வாக்குமூலத்தைத் தமிழில் மறுபடி பெற்று, பூட்டியிருந்த ஆஸ்பத்திரியையும் மறுக்கப்பட்ட ஜீப்பையும் விசாரிக்க ஆணையிடுமாறும், இனி எந்த நாளிலும் மாற்று ஆள் இல்லாமல் கம்பவுண்டர் போகக் கூடாது என எஸ்டேட்டுக்கு உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். மேலும் பதிவேட்டில் ‘பயம்’ என்ற சொல்லை அடித்துத் திருத்த வேண்டும். அதற்குப் பதிலாக என்ன மருத்துவச் சொல் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. ரத்தப்போக்கு என்று எழுதினாலும் சரி. வண்டி கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதக் கேட்டபோது, காரணம் எழுதும் கட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை என்று பதிவேட்டு எழுத்தர் சொன்னார். இடம் இருக்கிறது ஐயா. நான் பார்த்தேன்.

இடம்: கீழ்மந்து டிவிஷன்
நாள்: 3-9-1979

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ம. பாஸ்கல் (ஒப்பம்)

சாட்சிகள்:
1. கபிரியேல், உபதேசியார் (ஒப்பம்)
2. வீரபாண்டி (ஒப்பம்)
3. காளிச்சாமி (ஒப்பம்)
4. மூக்கம்மாள் (இடது பெருவிரல் ரேகை)