கேட்காத லெட்

நவம்பர் 3, திங்கள்

மழை. மேலப்பாளையத்திலிருந்து கிளப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நனைந்துவிட்டேன். ஆண்டுப் போட்டி தொடங்கியாயிற்று. பஹ்ரைனில் ஒரு ஸ்குவாஷ் கிளப்பில் வேலை பார்த்தபோது நடுவர் தேர்வு எழுதித் தொலைத்தேன். அந்தப் பாவத்துக்கு இங்கே வருசா வருசம் கோர்ட்டுக்கு மேலே பால்கனியில் நடுவர் நாற்காலி எனக்குத்தான்.

இன்று தளவாய் அண்ணாச்சி ஆட்டம். அவருடைய பழைய அரிசி குடோன்தான் இப்போது எங்கள் கோர்ட். இரண்டு பேரும் ஒரே அறைக்குள் நின்று எதிர்ச்சுவரில் மாறி மாறிப் பந்தடிக்க வேண்டும். பந்தை அடித்துவிட்டு நடுவிலேயே நிற்கிறார். நிற்பது போதாதென்று, பின்னால் வரும் பந்தைப் பார்க்க முகத்தை முழுசாகத் திருப்புகிறார். கண்ணில் பந்து படாமல் காக்கும் கண்ணாடியும் கிடையாது. வேர்க்குமாம்.

அடித்தவன் விலகி வழிவிட வேண்டும். விடாவிட்டால் எதிராளி ‘லெட்’ என்று கேட்கலாம். நான் மறுபடி ஆடச் சொல்வேன், அல்லது ‘ஸ்ட்ரோக்’ என்று புள்ளியையே கொடுத்துவிடுவேன். இங்கே அண்ணாச்சியிடம் யார் கேட்கிறார்கள்? அவருக்கு வலிக்காமல் பந்தைச் சுவரோரமாகத் தட்டிவிட்டு, மரியாதையாகத் தோற்றுவிட்டுப் போகிறார்கள்.

நவம்பர் 6, வியாழன்

பயிற்சி ஆட்டம். அண்ணாச்சியும் பாக்கியசீலனும். பாக்கியசீலன் கல்லூரியில் கணக்கு வாத்தியார், அண்ணாச்சி வீட்டு மாடியில் குடியிருக்கிறார். எங்கள் கிளப்பில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு பந்துக்கு மட்டையை ஓங்கினார். பந்து போகிற வழியில் அண்ணாச்சியின் முகம், இரண்டு கண்ணும் திறந்தபடி. ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டார். லெட் கேட்பார் என்று பார்த்தேன். பந்தைக் குனிந்து எடுத்து, “ஒங்க புள்ளி அண்ணாச்சி” என்று கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“மாடில குடியிருந்துக்கிட்டு அவர்ட்ட போயி எப்படி சார் கேக்கது?”

நீங்கள் கேட்காமல் நான் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்ஆ தொழுகையில் நிற்கும்போதும் அந்தத் திரும்பிய முகம்தான்.

நவம்பர் 8, சனி

விதிப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். ஆபத்து என்று பட்டால், யாரும் கேட்காமலே நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம். கொட்டை எழுத்தில் போடவில்லை, ஆனால் இருக்கிறது. தேர்வுக்குப் படித்த பக்கம்தான். நானும் இந்த ஊர்க்காரன் இல்லையா? பெரியவர் விஷயத்தில் கேட்டால் மட்டும் வாயைத் திறப்பது என்று மனசு தானாகவே ஒரு விதி எழுதிக்கொண்டிருக்கிறது.

ஸமீஹாவிடம் சொன்னேன். “அப்ப நிறுத்துங்க. கண்ணு போனா மறுபடி ஆடவா முடியும்?” என்றாள். என் மனைவி இந்த ஆட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இறுதி ஆட்டம். அதே இருவர்.

இரண்டாம் செட்டில் பாக்கியசீலன் மறுபடி கையை நிறுத்தினார். நான் “ஸ்டாப்” என்றேன். ஸ்ட்ரோக், புள்ளி பாக்கியசீலனுக்கு.

அண்ணாச்சி மேலே பார்த்தார். “அவரே கேக்கலியே வே. ஒமக்கு என்ன?”

பாக்கியசீலன் தனக்குப் புள்ளி வேண்டாம் என்றார். கூட்டம் அவருக்குக் கை தட்டியது. தட்டட்டும். “கண்ணுல படும் அண்ணாச்சி” என்று சொல்லி அடுத்த முறையும் நிறுத்தினேன். இடைவேளையில் செயலாளர் பஞ்சாபகேசன் மேலே ஏறி வந்தார்.

“முஆத், நீங்க செத்த வெளியில இருங்கோ. நான் பாத்துக்கறேன்.”

கூட்டத்தில் நின்று மிச்சத்தைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சி ஜெயித்தார். கோப்பையோடு என் பக்கத்தில் வந்து, பார்த்தீரா, என் கண்ணு ரெண்டும் இருக்கா என்று எல்லோர் முன்பும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

நவம்பர் 11, செவ்வாய்

கிளப்பிலிருந்து கூப்பிடவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது.

நவம்பர் 13, வியாழன்

சாயங்காலம் வாசலில் பாக்கியசீலன். ஆட்ட உடுப்பிலேயே, மழையில் நனைந்து. உள்ளே வரமாட்டேன் என்கிறார். ஸமீஹா துண்டு கொடுத்தாள், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சியைக் கண் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறாராம். இடது கண்.

இறுதி ஆட்டத்தில் நான் நிறுத்தியது அண்ணாச்சிக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தன்னைக் குழந்தை மாதிரி பார்க்கிறார்கள் என்று. இன்று ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லியிருக்கிறார்: “இனி கைய நிறுத்தப்படாது வே. அடியும். நான் வெலகிக்கிடுதேன்.”

“அவரு சொன்னா எப்படி சார் மாட்டேங்கது? அடிச்சிட்டேன்.”

அட பாவி மனுசா. வெலகிக்கிடுவேன்னு சொன்னீரே, எப்படி வெலகத் தெரியும் ஒமக்கு? இத்தனை வருசமா எல்லாரும்லா ஒமக்கு வெலகினாங்க. நான் நிறுத்தாம இருந்திருந்தா அவரு அப்படி சொல்லியிருக்க மாட்டாரோ? முதல் வருசமே நிறுத்தியிருந்தா?

தெரியவில்லை. யா அல்லாஹ்.

நவம்பர் 20, வியாழன்

வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 14, ஞாயிறு

பஞ்சாபகேசன் நேரில் வந்து கூப்பிட்டார். போனேன். கண்ணாடி இல்லாமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பாக்கியசீலன் மட்டையைத் தொடுவதில்லை. மாடியைக் காலி செய்யப் போனாராம், அண்ணாச்சி சாவியை வாங்க மறுத்துவிட்டாராம்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பால்கனிப் படியில் அண்ணாச்சி ஏறி வந்தார். கறுப்புக் கண்ணாடி, கைப்பிடியைத் தடவித் தடவி. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கீழே இரண்டு பையன்கள். ஒருவன் அடித்துவிட்டு நடுவிலேயே நின்று பின்னால் திரும்பினான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“நிறுத்தும் வே.”

நிறுத்தினேன். லெட் யாரும் கேட்கலியே என்று இருவரும் மேலே பார்த்தார்கள். ஆட்டம் முடியும்வரை அவர் என் கையை விடவில்லை.