மேல்வீட்டு ஸ்ட்ரோபெரி

2025 ஜனவரி 11, சனி

மபாஸாவின் செடியில் பழம் சிவந்துவிட்டதாம். இல்மா மாடியிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னாள். "உம்மா, சாச்சிட மரத்துல நாலு பழம்! உங்கடதுல ஒண்டுமில்லயே?"

இல்லைதான். டிசம்பர் லீவில் நுவரெலியா போனபோது நானும் என் கணவரின் தம்பி மனைவி மபாஸாவும் ஆளுக்கு மூன்று ஸ்ட்ரோபெரிக் கன்று வாங்கினோம். அவள் மேலே பல்கனியில் குழாயைத் துளைத்து நட்டாள். நான் கீழே எண்ணெய்க் கேன்களை வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினேன். ஒரே கடை, ஒரே கன்று. என்னுடையது இலையோரம் கருகி நிற்கிறது. அவளுக்கு மட்டும் எப்படி?

ஜனவரி 14

சோறு போட்டு இல்மாவைக் கூப்பிட்டேன். "சாச்சி தந்தா, சாப்பிட்டுட்டன்." மூன்று நாளாக இதே கதை. மபாஸாவுக்குப் பிள்ளை இல்லை, பாவம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்வேன். அதற்காக என் ஒரே பிள்ளையை எடுத்துக்கொள்வதா? பழத்தைக் காட்டி இழுக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. எழுதினால் என்ன, எரிகிறதுதான்.

ஜனவரி 19

ரகசியம் தெரிந்துவிட்டது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறாள்! எங்கள் கிணறு சவர். தென்னை தாங்கும், இந்தச் செடி தாங்காது. இத்தனை நாளும் நான் உப்பை ஊற்றியிருக்கிறேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை, அதுவும் உண்மை.

கீழ்வீட்டில் ஏ.சி. இல்லை.

ஜனவரி 23

மபாஸா சிலாபம் போகிறாள். அவளுடைய உம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன், ஒரு கிழமை நிற்பாள். என்னை அக்கா முறையில் கூப்பிட்டுச் சொன்னாள்: "ராத்தா, ரெண்டு கேன்ல ஏ.சி. தண்ணி வச்சிரிக்கன். ஒண்டு இல்மா காலைல ஊத்த, மத்தது நீங்க பின்னேரம் ஊத்த."

ஓம் என்றேன்.

ஜனவரி 24

ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீர்.

ஜனவரி 27

இன்றும்தான். யா அல்லாஹ், என்ன வேலை பார்க்கிறேன் நான்? நாளைக்கு ஊற்றமாட்டேன் — நேற்றும் இப்படித்தான் சொன்னேன்.

ஜனவரி 31

வந்துவிட்டாள். மூன்று செடியும் கருகிவிட்டன. இல்மா தேம்பித் தேம்பி அழுதாள். "நான்தான் பிழையா ஊத்திட்டன் சாச்சி." பக்கத்தில் நின்றேன். "இல்ல தங்கம், வெயில் கூடிப்போச்சி" என்று மபாஸா மடியில் இழுத்துக்கொண்டாள். என் பிள்ளை, என்னால் அழுகிறாள், அவள் மடியில்.

பெப்ரவரி 2

இல்மா சரியாகச் சாப்பிடவில்லை. மேலே போவதுமில்லை. இதைத்தானே நான் விரும்பினேன்?

பொறுக்க முடியாமல் மேலே போய் மபாஸாவிடம் சொல்லிவிட்டேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"தெரியும் ராத்தா. உங்கட கேன் நிறைஞ்சபடியே கிடந்திச்சி."

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"புள்ளைக்கு முன்னால என்னெண்டு கேக்கிற?"

இறங்கி வந்து இல்மாவிடம் நானே சொன்னேன். "ஏன் உம்மா?" என்றாள். "நீ எந்நேரமும் அங்கயே இரிக்கிறது எனக்குப் பொறுக்கல்ல." என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

பெப்ரவரி 10

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் படியடியில் நின்றாள். "உம்மா, மேல போகவா?"

இந்த ஒன்பது வயது வரை ஒரு நாளும் கேட்டதில்லை. போ என்றேன். இரண்டு படி ஏறி, நான் கோபமாக இருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள்.