மேனேஜர் அப்பா எழுதுவது

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் தையல் மெஷினைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறது. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

மில்லை மூடிய வருஷம் நம் தெருவில் பாதிப் பேர் வெளிநாடு போனார்கள். நீயும் போனாய், தப்பில்லை. ஆனால் சுற்றுலா விசா முடிந்தும் திரும்பாமல் நீ ஒளிந்து வாழ்வதற்கு நான்தான் காரணம். யாருடைய கார் மேலோ சாய்ந்து நீ எடுத்த போட்டோவை நம் தையல் கடையில் பெரிதாக மாட்டி, மகன் ஹோட்டல் மேனேஜர் என்று அளந்துவிட்டேன். துணி அளப்பதில்கூட நான் அத்தனை கெட்டிக்காரன் இல்லை. என் பெயரே மேனேஜர் அப்பா என்றாகிவிட்டது. உன் தங்கைக்கு வந்த சம்பந்தமும் அந்தப் போட்டோவைப் பார்த்து வந்ததுதான். நீ பாத்திரம் கழுவுவது நம் வீட்டுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

போன வாரம் இஸ்திரிக்காரர் மருமகனோடு வந்தார். மருமகனும் சுற்றுலா விசாவில் போய் அப்படியே தங்கிவிடப் போகிறாராம். பார்த்தால் டூரிஸ்ட் மாதிரி இருக்கணும், உங்க பையனுக்குத் தச்ச மாதிரியே ஒரு கோட்டு தச்சுக் குடுங்கண்ணே என்றார்.

அளவு எடுக்கக் கை வரவில்லை. எட்டுப் பேர் ஓர் அறையில் முறைவைத்துத் தூங்குவது, பல்வலிக்குக்கூட ஆஸ்பத்திரி போகப் பயப்படுவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை நாளும் எங்க காதுல பூ சுத்துனீங்களா என்று கேட்டுவிட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. சம்பந்தம் முறிந்ததை உன் தங்கையிடம் எப்படிச் சொல்வதென்று விழித்தேன். போனா போகுதுப்பா, முதல்ல அண்ணனைக் கூப்பிடுங்க என்றாள்.

ஆகவே, நீ காப்பாற்றுவதற்கு இங்கே இனி எந்தப் பெருமையும் மிச்சமில்லை. சுத்தமாகக் கெடுத்தாயிற்று. விசாக் காகிதம் இல்லாதவர்கள் தண்டனை இல்லாமல் ஊர் திரும்பலாம் என்று அங்கே அரசாங்கம் சொல்லியிருக்கும் கெடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. போய் வரிசையில் நில். இங்கே வேலை காத்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன், பொய்க்கு என்னிடம் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. பள்ளிச் சீருடை ஆர்டர் கேட்டு நாலு முறை அலைந்தேன். ஐந்தாம் முறையும் போவேன்.

வரும் நாளைச் சொல். பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன். பட்டப்பகலில் வந்து இறங்கு. நம் தெரு வழியாகவே நடந்து வருவோம். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அப்பா